வந்தாரா, வந்தாளா? பழைய மாயக்கதைகளில் பெண்களை வாசிக்கும் முறை

“அத்தை, இந்தப் புத்தகத்தில் பெண்களே கிடையாதா?” என்று என் அண்ணன் மகள் கேட்டபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. கையில் டோல்கினின் ‘தி ஹாபிட்’, 1937-இல் வெளியான நூல். இளம் வயதில் அதை இரண்டு முறை படித்தவள் நான். அந்தக் கேள்வி எனக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை. அந்த வாரம் இரவு வேலை முடிந்து வந்த ஒவ்வொரு காலையிலும் மறுபடி படித்தேன். பதின்மூன்று குள்ளர்கள், காண்டால்ஃப் என்ற ஒரு மந்திரவாதி, ஒரு டிராகன், அத்தனை பேரும் ஆண். பெயரோடு வரும் ஒரே பெண் கதாநாயகனின் தாயார் பெல்லடோனா டூக். அவரும் கதைக்குள் நடந்து வருவதில்லை. முதல் அத்தியாயத்தில் பேச்சோடு பேச்சாகக் குறிப்பிடப்படுகிறார், அவ்வளவுதான்.

அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கியது எங்கள் சனிக்கிழமை வாசிப்பு. சிங்கப்பூரின் தெலுக் பிளாங்காவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், சதுரங்கக் கட்டம் பதித்த கல்மேசையைச் சுற்றி, மாலை நான்கு மணிக்கு ஐந்தாறு பிள்ளைகள் உட்காருகிறார்கள். நான் தாதி. வேலை நேரம் மாறிமாறி வருவதால் மாதத்தில் இரண்டு, மிஞ்சினால் மூன்று சனிக்கிழமைகள்தான் கிடைக்கும். உங்கள் புளோக்கிலும் இப்படி ஒன்றைத் தொடங்க நினைத்தால், மூன்று ஆண்டுகளில் எங்களுக்குக் கைகூடிய முறையைச் சொல்கிறேன்.

புத்தகத்துக்கு நூலகமே போதும். நாங்கள் விவோசிட்டியில் உள்ள ஹார்பர்ஃபிரண்ட் நூலகத்துக்கு நடந்தே போய் எடுத்து வருகிறோம். எல்லாருக்கும் ஒரே பதிப்பு கிடைக்காது. பக்க எண்ணைச் சொல்லாமல் அத்தியாயத்தைச் சொல்லுங்கள், குழப்பம் வராது. ஒரு பிரதியாவது சொந்தமாக இருப்பது நல்லது, ஏனென்றால் அடிக்கோடு போட வேண்டியிருக்கும். பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸின் பழைய புத்தகக் கடைகளில் தேடினால் இந்த நூல்கள் கிடைக்கும். ஒரு பென்சில், ஒரு நோட்டுப் புத்தகம், கொறிக்க ஏதாவது. வேறு எதுவும் வேண்டாம்.

முழு நூலையும் மேசையில் சத்தமாக வாசிக்க முயலாதீர்கள். இரண்டாம் வாரமே பிள்ளைகள் குறைந்துவிடுவார்கள். வீட்டில் அவர்களே படித்து வரட்டும். மேசையில் நான்கைந்து பக்கங்கள் மட்டும் வாசியுங்கள். எந்தப் பக்கங்கள் என்பதில்தான் உங்கள் உழைப்பு இருக்கிறது. ஒரு பெண் கதைக்குள் வரும் பக்கத்தையும், அவள் கதையை விட்டுப் போகும் பக்கத்தையும் தேர்ந்தெடுங்கள். வருகையை எழுத்தாளர்கள் அலங்காரமாக எழுதிவிடுவார்கள். அவளைப் பற்றி அவர்கள் உண்மையில் என்ன நினைத்தார்கள் என்பது போகும் இடத்தில் தெரிந்துவிடும்.

முதல் வேலை எண்ணிக்கை. அலிசன் பெக்டெல் என்ற அமெரிக்க ஓவியர் 1985-இல் ஒரு சித்திரக்கதையில் திரைப்படங்களுக்காகச் சொன்ன சோதனை உலகமெங்கும் பரவிவிட்டது: இரண்டு பெண்களாவது இருக்கிறார்களா, அவர்கள் தமக்குள் பேசுகிறார்களா, அந்தப் பேச்சு ஓர் ஆணைப் பற்றியதாக இல்லாமல் வேறு எதையாவது பற்றியதாக இருக்கிறதா? பிள்ளைகளுக்கு இது பிடிக்கும். விரல் விட்டு எண்ணுவார்கள். டோல்கினின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ அத்தனை பெரிய நூல். அதில் இரண்டு பெண்கள் தமக்குள் பேசிக்கொள்வதை நாங்கள் ஒரே இடத்தில்தான் கண்டோம். முடிசூட்டு விழாவில் அயோரெத் என்ற வயதான பெண்மணி தம் உறவுக்காரப் பெண்ணிடம் வாய் ஓயாமல் பேசுகிறார். பேச்சு முழுவதும் ஆண்களின் வீரத்தைப் பற்றியது. நம் மணிமேகலையை எடுத்துக்கொள்ளுங்கள். மணிபல்லவத் தீவில் தீவதிலகையும் மணிமேகலையும் சந்திக்கும் இடத்தில் பேச்சு பசியைப் பற்றியது, பசி தீர்க்கும் பாத்திரத்தைப் பற்றியது. சாத்தனார் இந்தச் சோதனையைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சிரமமில்லாமல் தாண்டிவிட்டார்.

ஆனால் எண்ணிக்கையைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள். அதிலேயே நின்றால் வாசிப்பு கணக்குப் பாடமாகிவிடும்.

அடுத்து நான் சொல்லப்போவதை ஆங்கிலத்தில் செய்ய முடியாது, தமிழில் பேசினால் செய்ய முடியும். எங்கள் பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். மேசையில் அந்தப் பகுதியைத் தமிழில் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் விதி. தொடக்கத்தில் இதை அவர்களின் தாய்மொழிப் பாடத்துக்கு உதவட்டும் என்றுதான் வைத்தேன். ஒரு சனிக்கிழமை, எதிர்வீட்டுப் பிள்ளை, உயர்நிலை இரண்டில் படிப்பவள், ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நூலில் எல்ஃப் என்ற மூப்பில்லாத இனத்தார் வாழும் லோரியன் காட்டில் நடப்பதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள். “காண்டால்ஃப் முன்பே சொன்னார்… கலாட்ரியல் சொன்னாள்…” எனக்குச் சட்டென்று காதில் உறைத்தது. நிறுத்தச் சொன்னேன். “காண்டால்ஃப் சொன்னார், கலாட்ரியல் ஏன் சொன்னாள்?” அவள் திகைத்தாள். காண்டால்ஃப் வயதானவர் என்றாள். கலாட்ரியலும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்தவர்தானே? காண்டால்ஃப் சக்தி படைத்தவர் என்றாள். எல்ஃப்களின் மூன்று மோதிரங்களில் ஒன்று காண்டால்ஃபிடம் இருக்கிறது என்றால், இன்னொன்று கலாட்ரியலிடம் இருக்கிறது. ஒரு நாட்டை ஆள்பவரும் அவர்தான். மேசையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அந்தப் பிள்ளையே மெதுவாக, “கலாட்ரியல் சொன்னார்” என்று திருத்திச் சொன்னாள். சொல்லிவிட்டு, “இப்போது அவர் வேறு ஆள் மாதிரி இருக்கிறார், அத்தை” என்றாள்.

ஆங்கில வினைச்சொல்லில் இந்த வேறுபாடு இல்லை. தமிழில் திருப்பிச் சொல்லும்போது ஒவ்வொரு வினைமுற்றிலும் நாம் ஒரு தீர்ப்புச் சொல்லியாக வேண்டும்: வந்தாரா, வந்தாளா? ராஜா வந்தார், ராணி வந்தாள் என்றுதான் நம் வீட்டுக் கதைகளிலும் சொல்லிப் பழகியிருக்கிறோம். அதனால் எங்கள் நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இப்படி எழுதி வைத்திருக்கிறோம்: ஒத்த வயது, ஒத்த நிலை என்றால் ஒரே விகுதி. இளையவர்களுக்கு அவன், அவள். மூத்தவர்களுக்கும் ஆள்பவர்களுக்கும் அவர். இந்தக் கட்டுரையிலும் அப்படியே எழுதுகிறேன். உங்கள் மேசையில் முதல் மாதம் இதை மட்டும் செய்தாலும் நல்ல பலன் தெரியும். பிள்ளை எந்த இடத்தில் விகுதியை மாற்றுகிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். மாறும்போது ஏன் என்று கேளுங்கள். சரி, தவறு என்று நீங்கள் சொல்ல வேண்டாம்.

இனி என் தொழிலிலிருந்து வந்த கேள்வி: அவள் கை என்ன செய்கிறது? அழகு, கூந்தல், உடை என்று பழைய மாயக்கதைகள் பெண்களைப் பற்றி நிறையச் சொல்லும். அவற்றையெல்லாம் தாண்டிக் கைகளைப் பார்க்கச் சொல்கிறேன். கை எதைப் பிடித்திருக்கிறது, யாரைத் தாங்குகிறது, அந்த வேலைக்கு யார் பெயர் வாங்குகிறார்கள்?

இதற்கு ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நூலில் வரும் எயோவினைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. எல்லாரும் நினைவில் வைத்திருப்பது போர்க்களத்தை: ஆண் வேடத்தில் போருக்கு வந்த அரச குலத்து இளம்பெண், எந்த ஆண்மகனாலும் வீழ்த்த முடியாது என்று இருந்த நிழல்மன்னனை எதிர்த்து நின்று வீழ்த்துகிறாள். பிள்ளைகள் அந்தப் பக்கத்தை மூச்சு விடாமல் வாசிப்பார்கள், வாசிக்க விடுங்கள். பிறகு பின்னோக்கிப் போய், பின்னால் அரசராகப் போகும் ஆரகோர்னிடம் அவள் தன்னையும் அழைத்துப் போகச் சொல்லிக் கேட்கும் பகுதியை எடுங்கள். அதுவரை அவள் கை என்ன செய்துகொண்டிருந்தது? தளர்ந்துபோன ஒரு முதியவரைத் தாங்கிக்கொண்டிருந்தது. மாமன் தியோடன் தள்ளாடிய காலமெல்லாம் அவருக்குப் பணிவிடை செய்தவள் அவள். நான் கேடயம் ஏந்தும் குலத்தில் பிறந்தவள், தாதியல்ல, தடுமாறும் கால்களுக்குத் துணை நின்றது போதும் என்ற பொருளில் அங்கே பேசுகிறாள்.

என் அண்ணன் மகள்தான் அதைத் தமிழில் சொன்னாள். ‘தாதியல்ல’ என்ற சொல் வாயிலிருந்து வந்ததும் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள். நான் சீருடையில் இருந்தேன். ஆறு மணிக்கு வேலைக்குப் போக வேண்டியிருந்தது.

எனக்கு வருத்தம் இல்லை என்று அவளிடம் சொன்னேன். அது உண்மை. வீட்டில் ஒரு முதியவரைத் தனி ஆளாகப் பார்த்துக்கொள்ளும் மகள்களை நான் வார்டில் வாரந்தோறும் பார்க்கிறேன். அவர்கள் அன்பில்லாதவர்கள் கிடையாது; ஓய்வில்லாதவர்கள். எயோவின் பேசுவது அந்தக் களைப்பின் மொழி. அவள் எதற்கு அஞ்சுகிறாள் என்று ஆரகோர்ன் கேட்கும்போது அவள் சொல்லும் பதில் கூண்டு. பின்னால் மருத்துவ இல்லத்தில் அவள் படுத்திருக்கும்போது, அவள் அண்ணனிடம் காண்டால்ஃப் இதையே எடுத்துச் சொல்கிறார்: நீ குதிரையும் ஆயுதமும் வெட்டவெளியுமாக இருந்தாய்; உனக்கு நிகரான நெஞ்சுரம் உள்ளவள் ஒரு முதியவரின் அறையில் அடைபட்டுக் கிடந்தாள். 1950-களில் வெளிவந்த ஒரு நூலில் ஓர் ஆண் எழுத்தாளர் இதைக் கண்டு எழுதியிருக்கிறார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். குறையைத் தேடுகிற கண்ணுக்கு நிறையும் தெரிய வேண்டும்.

அதே நூலில் இன்னும் இரண்டு இடங்களைக் கையோடு காட்டுங்கள். களத்தில் எயோவின் இறந்துவிட்டாள் என்று எண்ணித் தூக்கி வருகிறார்கள். வழியில் பார்த்த இளவரசர் இம்ராஹில் தம் கைக்கவசத்தின் பளபளப்பான பரப்பை அவள் உதட்டருகே பிடிக்கிறார். அதில் இலேசாக மூச்சின் ஈரம் படிகிறது. மூச்சு இருக்கிறதா என்று பார்க்காமலேயே பிணமாக்கிவிட்டார்கள் என்பது என்னை ஒவ்வொரு முறையும் உலுக்குகிறது. பிள்ளைகளிடம் ஒரு சிறு கண்ணாடியைக் கொடுத்து மூச்சுவிட்டுப் பார்க்கச் சொன்னேன். அந்தக் காட்சி அதன் பிறகு அவர்களுக்கு மறக்கவில்லை.

இரண்டாவது இடம் அயோரெத். மருத்துவ இல்லத்தில் பணிபுரியும் பெண்களில் மூத்தவர். அரசரின் கை குணப்படுத்தும் கை என்ற பழைய சொல்லை நினைவுபடுத்துபவர் அவர்தான். அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் காண்டால்ஃப் ஆரகோர்னை அழைத்து வருகிறார். சிகிச்சை நடக்கிறது, புகழ் அரசருக்குப் போகிறது, அயோரெத் வாயாடிக் கிழவியாக நம் நினைவில் தங்கிவிடுகிறார். எங்கள் வார்டில் ஓர் உதவியாளர் அம்மா இருந்தார். அதிகாலை மூன்று மணிக்குப் போர்வையைச் சரிசெய்யப் போனவர், நோயாளியின் மூச்சுச் சத்தம் மாறியிருப்பதை எங்கள் எல்லாருக்கும் முன்னால் கண்டுபிடித்தார். காலையில் அந்தக் குடும்பத்தார் மருத்துவருக்கு நன்றி சொன்னார்கள். மருத்துவரும் நன்றிக்கு உரியவர்தான். ஆனால் அயோரெத் வரும் பக்கத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அம்மாவின் முகம்தான் வருகிறது. இப்படி ஒரு முகம் உங்களுக்கும் இருந்தால் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பக்க ஓரத்தில் இரண்டு வரி மட்டும் வாழ்கிற பெண்களைத் தேட அவர்களாகவே தொடங்கிவிடுவார்கள்.

இப்போது கடினமான கேள்வி. நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் ‘அவள் வென்றது’, வலப்பக்கம் ‘கதை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டது’ என்று எழுதுங்கள். இந்த ஒரு பக்கத்துக்காகவே மற்றதையெல்லாம் செய்கிறோம் என்று நினைக்கிறேன். பழைய கதைகள் பெண்ணை வெல்ல விடும், விலையையும் வாங்கிக்கொள்ளும்.

இதை ஐரோப்பியக் கதைகளில் தொடங்காமல் நம் கதைகளில் தொடங்குவது என் வழக்கம். அப்போதுதான் இது ‘வெள்ளைக்காரர்களின் குறை’ என்று பிள்ளைகள் நினைக்க மாட்டார்கள். அல்லி அரசாணி கதையை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரையை ஆளும் அரசி, ஆணே வேண்டாம் என்று இருப்பவர். அருச்சுனர் வேடங்கள் மாற்றி அரண்மனைக்குள் நுழைந்து, அரசி உறங்கும்போது அவர் அறியாமலேயே தாலி கட்டிவிடுகிறார். சிறுவயதில் நான் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். இன்று, ஒப்புதல் இல்லாமல் ஒருவர் கையில் ஊசிகூடக் குத்தக் கூடாது என்று நாள்தோறும் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் என்னால் சிரிக்க முடியவில்லை. திருவிளையாடல் புராணத்தில் தடாதகைப் பிராட்டியார் (மீனாட்சி) திசையெல்லாம் வென்று கயிலை வரை போகிறார்; சிவபெருமானைக் கண்டதும் மூன்றாவது முலை மறைகிறது, நாணம் வருகிறது. பிறகு மதுரையில் அரியணையில் அமர்ந்து ஆள்பவர் சுந்தரபாண்டியர். சிராங்கூன் ரோடு வீரமாகாளியம்மன் கோயிலில் என்னோடு கும்பிட்டுவிட்டு வரும் அதே பிள்ளைகள்தான் இந்தப் பக்கத்தையும் நிரப்புகிறார்கள். பக்திக்கும் இந்தக் கேள்விக்கும் பகை இல்லை. தடாதகையாரின் பெயருக்கு நேரே வலப்பக்கத்தில் ஒரு பிள்ளை ‘போர்’ என்று எழுதினாள், இன்னொருத்தி ‘நாற்காலி’ என்று எழுதினாள். இரண்டையும் அழிக்கவில்லை.

இந்தப் பட்டியல் நீளும். கேத்தரின் மூர் 1934-இல் ‘வியர்ட் டேல்ஸ்’ இதழில் ஜிரெல் என்ற வாளேந்திய பெண்தலைவியைப் படைத்தார். (வங்கி வேலைக்குத் தெரியக் கூடாது என்பதற்காக முதலெழுத்துகளை மட்டும் போட்டு எழுதினார், அவரை ஆண் என்று நினைத்து ரசிகர் கடிதம் எழுதிய எழுத்தாளர் ஒருவர் பின்னாளில் அவரையே மணந்துகொண்டார்.) ஜிரெல் தன் கோட்டையைப் பிடித்தவனைப் பழிவாங்க நரகம் வரை இறங்கி ஆயுதம் கொண்டுவருகிறாள். அவன் செத்து விழுந்த பிறகு, தான் அவனைக் காதலித்திருக்கிறோம் என்று உணர்கிறாள். எழுதியவர் பெண் என்பதால் விலை குறைந்துவிடவில்லை. இந்தக் கதை பதினைந்து, பதினாறு வயதினருக்குத்தான் பொருந்தும்.

சி. எஸ். லூயிஸின் நார்னியா கதைகள் சின்னப் பிள்ளைகளுக்கும் ஏற்றவை. ஆனால் அதில் வரும் நான்கு உடன்பிறப்புகளில் ஒருத்தியான சூசனுக்கு நடப்பதைப் பேசாமல் விடாதீர்கள். 1950-இல் வந்த முதல் நூலில் அவளுக்கு வில்லும் அம்பும் பரிசாகக் கிடைக்கின்றன, கூடவே போரில் இறங்காதே என்ற சொல்லும் கிடைக்கிறது. 1956-இல் வந்த கடைசி நூலில் அவள் நார்னியாவுக்கு வேண்டியவள் இல்லை என்று மற்றவர்கள் சொல்லிவிடுகிறார்கள். உதட்டுச்சாயம், நைலான் காலுறை, விருந்து அழைப்புகள் ஆகியவற்றில்தான் அவளுக்கு நாட்டமாம். அவளைப் பேச விடவே இல்லை. அவளுடைய பெற்றோர், உடன்பிறந்தோர் எல்லாரும் ஒரு ரயில் விபத்தில் இறந்து சொர்க்கம் போன்ற நாட்டில் கூடியிருக்கிறார்கள். சூசன் மட்டும் இங்கே, உயிரோடு. நான் பிள்ளைகளிடம் என் தொழில் சார்ந்த ஒரே ஒரு கேள்வியைக் கேட்டேன்: உடல்களை அடையாளம் காட்ட மருத்துவமனைக்கு யார் வந்திருப்பார்கள்? பதில் தெரிந்தவுடன் என் அண்ணன் மகள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டாள். அடுத்த வாரம் அவளாகவே இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள்: படிவத்தில் கையெழுத்துப் போடும் சூசன், கையில் பேனா, உதட்டில் அதே சாயம். பிள்ளைகள் இப்படி எழுதிக்கொண்டு வந்தால் பிழை திருத்தாதீர்கள். வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

எயோவினின் வலப்பக்கத்தில் என்ன எழுதுவது என்பதில் எங்கள் மேசை இன்னும் ஒன்றுபடவில்லை. இறுதியில் அவள் இனி கேடயம் ஏந்தமாட்டேன், குணப்படுத்துபவளாக இருப்பேன் என்கிறாள், ஃபாரமிரை மணக்கிறாள். அவளை அடக்கிவிட்டார்கள் என்று மூத்த பிள்ளைகள் கொதிக்கிறார்கள். நான் பாதி ஒப்புக்கொள்கிறேன். காதலும் மனமாற்றமும் ஒரே உரையாடலில் வந்துவிடுவது எனக்கும் உறுத்துகிறது. ஆனால் குணப்படுத்தும் வேலையைத் தோற்றவர்களுக்குக் கொடுக்கும் ஆறுதல் பரிசு என்று யாராவது நினைத்தால், அவர்கள் ஓர் இரவு எங்கள் வார்டில் வந்து நிற்கட்டும். முன்பு அவள் வெறுத்தது பணிவிடையை இல்லை. கேட்காமலே தன் தலையில் ஏற்றப்பட்ட பணிவிடையை. இப்போது அவளே தேர்ந்தெடுக்கிறாள். இதைச் சொல்லும்போது என் குரல் உயர்ந்துவிடும். நடத்துகிறவருக்கும் ஒரு கட்சி இருக்கலாம், அதைப் பிள்ளைகள் முன் மறைக்க வேண்டியதில்லை. அவர்கள் எதிர்த்துப் பேசினால் வழிவிடுங்கள்.

சில பெற்றோர், இவ்வளவு குறை இருக்கிற புத்தகங்களை ஏன் கொடுக்கிறீர்கள் என்று கேட்பார்கள். அவர்களுக்கு நான் அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவினின் கதையைச் சொல்வேன். எர்த்ஸீ என்ற மாய உலகைப் பற்றி அவர் எழுதிய வரிசையில், 1968-இல் வந்த முதல் நூலில் மந்திரவாதிகளின் பள்ளியில் பெண்களுக்கு இடமில்லை. பெண்களின் மந்திரம் வலுவற்றது, தீயது என்ற பொருளில் அந்த ஊர்ப் பழமொழிகளே இருக்கின்றன. கதாநாயகனுக்கு முதல் மந்திரச் சொல்லைக் கற்றுக்கொடுப்பவர் கிராமத்துச் சூனியக்காரியான, அவன் தாயின் சகோதரி. ஆனாலும் கதை அவரைத் திரும்பிப் பார்ப்பதில்லை. 1971-இல் டெனார் என்ற சிறுமியை நாயகியாக்கினார். மூன்றாம் நூல் 1972-இல். பிறகு பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1990-இல், ‘டெஹானு’. டெனார் இப்போது நடுவயது விதவை, பண்ணைப் பெண்மணி. தீயில் கருகிய ஒரு குழந்தையை எடுத்து வளர்க்கிறார். பெண்களின் கை செய்யும் வேலைகளை, சமையலை, ஆடு மேய்ப்பதை, காயம் ஆற்றுவதை, அதே மாய உலகின் நடுவில் கொண்டுவந்து வைக்கிறார் ஆசிரியர். தாம் கட்டிய உலகை இடிக்காமல், அதற்குள்ளேயே திரும்பப் போய், தாம் பார்க்கத் தவறியதைப் பார்த்தவர் அவர். ஆகையால் நூல் வெளியான ஆண்டை எப்போதும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அதே ஆசிரியர் பின்னால் என்ன எழுதினார் என்றும் தேடுங்கள். ‘டெஹானு’வில் அந்தக் குழந்தைக்கு நேர்ந்த கொடுமை கனமானது, பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களோடு அதை நாங்கள் வாசிப்பதில்லை.

இந்த வட்டாரத்துக் கதைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டிலிருந்து சிறிது தூரத்தில், மவுண்ட் ஃபேபர் அடிவாரத்தில், ராடின் மாஸ் இளவரசியின் அடக்கத்தலம் இருக்கிறது. தந்தையின் மீது பாய்ந்த கத்தியைத் தான் வாங்கி உயிர்விட்டாள் என்பது கதை. பிள்ளைகளை ஒருமுறை அழைத்துப் போனேன். வலப்பக்கத்தில் ‘உயிர்’ என்று எழுதி, இடப்பக்கத்தை வெறுமையாக விட்டாள் ஒருத்தி. அதற்கு மறுமுனையில் இருக்கிறார் குனோங் லேடாங் இளவரசி, ‘செஜாரா மெலாயு’ என்ற பழைய மலாய் வரலாற்று நூலில் வருபவர். ஜோகூர் மலையில் வாழும் அவரை மலாக்கா சுல்தான் மணக்க விரும்புகிறார். இளவரசி மறுக்கவில்லை, பரிசம் கேட்கிறார். மலாக்காவிலிருந்து மலைக்குத் தங்கப் பாலமும் வெள்ளிப் பாலமும், ஏழு தட்டு நிறையக் கொசுவின் இதயம், ஒரு தாழி கண்ணீர், கடைசியாகச் சுல்தானின் இரத்தமும் அவர் மகனின் இரத்தமும். மகனின் இரத்தம் என்றதும் சுல்தான் கைவிட்டுவிடுகிறார். வாளைத் தொடாமல், குரலை உயர்த்தாமல் சொன்ன ‘மாட்டேன்’. வலப்பக்கம் எழுத எங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

மணிமேகலையை ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயம் எடுக்கிறோம். வேற்றுருவம் கொள்ளவும், வானில் செல்லவும், பசியை வெல்லவும் மூன்று மந்திரங்கள் கிடைத்த பெண் அவள். போரில் இறங்கவில்லை; சோறு போட்டாள். சிறைக்கோட்டத்தை அரசரிடம் கேட்டு அறக்கோட்டமாக மாற்றினாள். ஆபுத்திரனைக் காண வான்வழியே சாவக நாட்டுக்கும் போனாள். சாவகத்தை ஜாவா என்று கொள்வார்கள். அப்படியென்றால் நமக்குப் பக்கத்துக் கடல்மேல் பறந்தவள் என்று நான் சொன்னதும் பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் கூரையைத் தாண்டி வானத்தைப் பார்த்தார்கள்.

பையன்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் மேசைக்கு இருவர் வருகிறார்கள். ஒருவன் முதலில் கறிபஃப்புக்காகத்தான் வந்தான். எயோவின் வென்ற பக்கத்தை வாசித்தபோது, “மெரி பின்னால் இருந்து முழங்காலில் குத்தாவிட்டால் அவளால் முடிந்திருக்குமா?” என்று கேட்டான். பெண்பிள்ளைகள் பாய்ந்தார்கள். நான் அவனைப் பேச விட்டேன். போருக்கு வேண்டாம் என்று எல்லாரும் ஒதுக்கிய குட்டையன் மெரியைத் தன் குதிரையில் ஏற்றிக்கொண்டு வந்தவள் எயோவின்தான் என்று அவனே அடுத்த வாரம் கண்டுபிடித்து வந்தான். ஒதுக்கப்பட்ட இருவர் சேர்ந்து வீழ்த்தினார்கள் என்று நோட்டில் எழுதியவனும் அவனே.

பையன்கள் இருக்கும் நாளில் வாசிக்க வங்காள எழுத்தாளர் ரொக்கையா பேகத்தின் ‘சுல்தானாவின் கனவு’ மிகவும் ஏற்றது. 1905-இல் சென்னையிலிருந்து வெளிவந்த ஒரு பெண்கள் இதழில் அச்சான ஆங்கிலக் கதை. ஒரே அமர்வில் முடிந்துவிடும். பெண்கள் ஆளும் நாடு, சூரிய வெப்பத்தால் சமையல், வானூர்தி. ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டிருக்கிறார்கள். அன்று மட்டும் நோட்டுப் பக்கத்தின் தலைப்பைக் ‘கதை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டது’ என்று மாற்றிக்கொள்ளுங்கள். இந்தச் சனிக்கிழமை எங்களுக்கு அந்தக் கதைதான். கறிபஃப் பையன் ஏற்கெனவே படித்துவிட்டானாம். தொலைபேசியில் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டான்: “அத்தை, அவர்களை எப்போது வெளியே விடுவார்கள்?” சனிக்கிழமை மேசையில் கேள் என்று சொல்லியிருக்கிறேன்.